போன சாமியும் போன பிள்ளைகளும்: ஆண்டிமடம் வட்டாரத்தின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: இந்து சமய அறநிலையத் துறை, காவல்துறையின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு, இந்தியத் தொல்லியல் துறை, அயல்நாடுகளில் தமிழர்கள் நடத்தும் கோயில்களின் நிர்வாகக் குழுக்கள்.

ஆண்டிமடம், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. முந்திரிக் கொல்லையை மட்டும் நம்பி வருஷத்தை ஓட்ட முடியாத வீடுகள் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பின. அதே காலத்தில் எங்கள் சாமிகளும் கடல் தாண்டிப் போனார்கள். அவர்களை அனுப்பியவர்கள் திருடர்கள்.

ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலில் நடந்ததை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். பூட்டிக் கிடந்த அந்தச் சோழர் காலக் கோயிலில் 2006இல் தொடங்கிய திருட்டு, 2008இல்தான் வெளியே தெரிந்தது. அங்கிருந்த நடராஜரை, நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972இல் வருவதற்கு முன்பே சிலை நாட்டைவிட்டுப் போய்விட்டதாகக் காட்டும் போலிக் காகிதம் கூடவே இருந்தது. அதே கோயிலின் உமாபரமேஸ்வரியை 2007இல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் வாங்கியது.

சிங்கப்பூர் என்பதை நின்று யோசிக்க வேண்டும். எங்கள் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை லீவில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே நகரத்தில், ஆற்றோரத்து அருங்காட்சியகத்தில், எங்கள் அம்பாள் அபிஷேகம் இல்லாமல், புடவை இல்லாமல், ஒரு முழம் பூ இல்லாமல் நின்றாள். ஊர்க்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது. 2014இல் நடராஜரும், 2015இல் அம்பாளும் இந்தியா திரும்பினார்கள். அதேபோலத் திருடுபோன விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் 2014இல் நடராஜரோடு வந்தவர்தான். சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பர் 1ஆம் தேதி கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. இதற்காக உழைத்த காவலர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் எங்கள் நன்றி. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை.

எங்கள் முதல் கோரிக்கையும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கோரிக்கையும் இதுதான்: மீட்ட திருமேனிகள் அவரவர் கோயிலுக்கே வர வேண்டும். மீட்ட சிலை வழக்குச் சொத்தாகிறது. பிறகு பாதுகாப்பு மையத்தில் நூற்றுக்கணக்கான சிலைகளோடு வரிசையில் வைக்கப்படுகிறது. அங்கே பத்திரமாக இருக்கலாம். ஆனால் திருவாதிரைக்குப் புறப்பாடு ஏது? வழக்கு நடக்கும்போதே பொருளை உரியவரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. திருப்பூர் மாவட்டம் சிவிரிபாளையத்தில் மீட்டுப் பிரதிஷ்டை செய்த மூலவரைப் பெயர்த்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவரக் கீழ் நீதிமன்றம் சொன்னபோது, கடவுளுக்குச் சம்மன் அனுப்ப முடியாது, வழக்கறிஞர் ஆணையர் போய்ப் பார்த்து வரட்டும் என்று 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த நியாயம் அரியலூர் மாவட்டத்துக்கும் பொருந்தும். கோயில் இன்னும் பாதுகாப்பாக இல்லை என்று அறநிலையத் துறை கருதினால், திருவிழா நாட்களிலாவது காவலோடு கொண்டுவந்து ஊரார் கும்பிட வையுங்கள்.

பாதுகாப்பு என்றதும் கம்பிக் கதவும் கேமராவும்தான் பேச்சில் வருகின்றன. அவை வேண்டும்; சிலைகளுக்குப் பாதுகாப்பு அறை கட்டுவது பற்றியும் பதிவு செய்வது பற்றியும் உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7ஆம் தேதி 75 உத்தரவுகள் கொண்ட தீர்ப்பில் சொல்லியிருக்கிறது, அதை நிறைவேற்றுங்கள். ஆனால் ஸ்ரீபுரந்தானில் அன்றாடம் விளக்கேற்ற ஆள் இருந்திருந்தால் திருட்டு இரண்டு வருஷம் தெரியாமல் போயிருக்காது. அரசின் ஒரு கால பூஜைத் திட்டத்தின் வைப்புநிதி 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமாகவும் பிறகு 2.5 லட்சமாகவும் உயர்ந்தது நல்லது. அதன் வட்டியில் எண்ணெய், திரி, நைவேத்தியம் நடக்கும். ஓர் அர்ச்சகரின் குடும்பம் நடக்காது. எங்கள் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு கோயிலுக்கும் அர்ச்சகரும் இரவுக் காவலரும் வாழ்வதற்குப் போதுமான சம்பளத்தோடு வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஊர்க் கோயிலுக்குப் பணம் அனுப்பும் வழியையும் சீராக்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் தந்தால் 2010ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, வாங்கும் கோயிலுக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இது தெரியாமல் பலர் ஊரில் யாரோ ஒருவர் கையில் கொடுத்து ரசீது வாங்காமல் விடுகிறார்கள். எந்தக் கோயில், எந்தச் செலவு, எவ்வளவு வந்தது என்று மாதாமாதம் கோயில் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

அயல்நாட்டுக் கோயில் நிர்வாகிகளுக்கு உரிமையோடு சொல்கிறோம். சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. வயிற்றுப்பாட்டுக்குப் போன இடத்தில் கோயில் எழுப்பிய உங்கள் முன்னோரின் அருமை எங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் புதிய உற்சவர் வேண்டுமென்றால் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருச்செய்து வார்த்துத் தருவார்கள். தொல்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றிதழை, படத்தோடு, வாங்கி வையுங்கள். பழைய சிலை என்று யாராவது நன்கொடையாகத் தந்தாலும் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்காமல் பீடத்தில் ஏற்றாதீர்கள்.

பொட்டவெளி வெள்ளூர்ப் பெருமாள் கோயிலில் 2012இல் திருடுபோன அனுமார் 2023இல் மீண்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1961இலேயே அவரைப் பதிவு செய்து வைத்திருந்தது உதவியது. எங்கள் வட்டாரத்துச் சிலைகள் அனைத்தையும் அதுபோல அளவெடுத்து, நாலு பக்கமும் படமெடுத்து, ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கக் கேட்கிறோம்.

ஊர் மக்களே, வரும் கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் கும்பிடும் கோயிலின் நிர்வாகக் குழுவிடம் இதைக் கொடுங்கள். உங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பத்திலோ, பழைய திருவிழாப் படத்திலோ ஊர்ச் சாமி தெரிந்தால், அதைப் பிரதி எடுத்து ஊருக்கு அனுப்புங்கள். கோர்ட்டில் அதுவும் சாட்சி.