தேர் செய்த தச்சனும் கார் துடைத்த கையும்

சென்ற ஐப்பசியில் கோவைப் பக்கம் நடந்த பழைய கார்களின் சந்திப்பு ஒன்றுக்குக் காந்திகிராமத்திலிருந்து பேருந்தேறிச் சென்று வந்தோம். திரும்பியதும் இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "பணக்காரர்களின் பொம்மைக் கண்காட்சியில் தமிழாசிரியருக்கு என்ன வேலை?" அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறோம். அதில் ஒரு பாதி அக்கண்காட்சியை நடத்தியவர்களுக்கு உரியது. மறுபாதி நமக்கு உரியது.

மோட்டார் பந்தயமே அன்றைய கருப்பொருள். கதவில் வெள்ளை வட்டமிட்டுப் பந்தய எண் எழுதிய ஃபியட்டுகளும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் திடலில் வரிசையாய் நின்றன. பத்து மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. உடனே தார்ப்பாய்கள் விரிந்தன. உரிமையாளர்கள் பந்தலுக்குள் ஒதுங்கினர். மழையிலும் ஓடப் பிறந்த பந்தய வண்டிகள் தூறலுக்கே முக்காடு போட்டுக்கொண்டன.

அணிவகுப்புக்கு அழைப்பு வந்தபோது ஒரு ஹெரால்டு கிளம்ப மறுத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரமும் தூசியும் சேர்ந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். பிளக்கில் பொறி விழாது. எழுபதை ஒட்டிய மெக்கானிக் ஒருவர் நனைந்தபடியே வந்தார். மூடியைக் கழற்றினார். மடியில் நனையாமல் பொத்தி வைத்திருந்த துணியால் அதன் உட்புறத்தையும் வயர்களையும் துடைத்து மாட்டினார். இரண்டாம் முயற்சியில் இஞ்சின் உறுமியது. "பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டுங்க சார், டிரம்முல ஈரம் காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். சிறு வயதில் சோழவரத்தில் எடுபிடியாக இருந்தவராம்.

அந்த வண்டிக்குப் பரிசு கிடைத்தது. ஒலிபெருக்கியில் உரிமையாளரின் தாத்தா பெயர்வரை முழங்கியது. கண்ணாடியில் ஒட்டிய அட்டையில் தயாரித்த ஆண்டு, இஞ்சின் அளவு, கைமாறிய வரலாறு எல்லாம் இருந்தன. அதை இத்தனை ஆண்டுகள் ஓடவைத்த கையின் பெயர் மட்டும் இல்லை. பித்தளையைப் பளபளப்பாக்கத் தெரிந்தவர்களுக்கு அட்டையில் ஒரு வரி கூட்டத் தெரியாதா?

இது சிறிய குறையென்று கொள்வதற்கில்லை. இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது 1953இல். 1990இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் வந்தது. மாருதி இஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கிய கோவைக் கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் ஓடுதளம் உண்டு. 2005இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஓட்டியவர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் வரலாறு இருக்கிறது. இஞ்சின் இறக்கியவர்கள், போர் எடுத்தவர்கள், இரவெல்லாம் வால்வு தேய்த்தவர்கள் ஆகியோரின் வரலாறு அவர்கள் நாவில் மட்டுமே இருக்கிறது. அந்த நாக்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கின்றன.

இனி நண்பருக்கு வருவோம். தேரும் மழையும் தமிழுக்குப் புதியனவா? முல்லைத் திணையின் உயிரே கார்காலத்தில் மீளும் தேர்தான். அத்தேரில் தலைவன் பேசுவது பெரும்பாலும் பாகனோடு. பாகன் அங்கே வேலையாள் மட்டுமல்லன், தலைவனின் மனத்தைக் கேட்பவனும் அவனே. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வலிமைக்கு ஓர் உவமை தேடுகிறார். எங்கே போனார்? தச்சுப் பட்டறைக்கு. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் கருதிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை அவ்வேந்தனுக்கு ஒப்பாக்குகிறார். பட்டறையின் உழைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அப்படியோர் உவமை வாய்க்குமா? அந்தப் பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். வகுப்பு முடிந்து சாலைக்கு வந்தால் பட்டறையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

காந்திகிராமத்தில் இருந்துகொண்டு காருக்குப் பரிந்து பேசலாமா என்றும் சிலர் கேட்பர். இவ்வூர் நிறுவனத்தை 1947இல் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான டாக்டர் சௌந்திரம், மதுரைப் பக்கம் பேருந்துத் தொழிலுக்கு வித்திட்ட டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரின் மகள். காந்தியடிகளும் எந்திர மோகத்தைத்தான் எதிர்ப்பதாகச் சொன்னவர். 1924இல் சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்தார், மனைவியின் அலுப்பைக் கண்ட அன்பிலிருந்து அது பிறந்தது என்பதற்காக. எந்திரத்தின் பின்னால் உள்ள மனிதனைப் பார் என்பதே அதன் சாரம். அந்த மனிதனை உரிமையாளர்கள் அட்டையில் விட்டுவிட்டார்கள். நாம் இலக்கியத்தில் விட்டுவிட்டோம். எவர் குற்றம் பெரிது? எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நம்முடையதே பெரிது.

பட்டறைத் தமிழ் என்று ஒன்று உண்டு. வண்டி 'இழுக்கவில்லை' என்பதற்கும் 'மிஸ்ஸிங் ஆகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காதாலேயே அறிபவர்கள் பேசும் மொழி அது. கணினி சொல்லும் குறியீட்டைப் பார்த்துப் பழுது நீக்கும் இக்காலத்தில் அச்சொற்களுக்கு ஆயுள் அதிகமில்லை. நாட்டுப்புறப் பாடலைத் தேடி மலையேறும் முதுகலை மாணவர்களில் நால்வர், திண்டுக்கல் பட்டறைகளில் ஒரு மாதம் அமர்ந்து கேட்டெழுதினால் தமிழுக்கு என்ன குறைந்துவிடும்?

இவ்வளவும் பேசிவிட்டு ஓர் உண்மையை ஒளிப்பது அறமாகாது. மழை விட்டு, பேருந்து தாராபுரம் தாண்டும்போதுதான் நினைவு வந்தது: அந்த மெக்கானிக்கின் பெயரை நாமும் கேட்கவில்லை.