கரண்டியும் எங்கள் கைக்கு வரும்

சுத்தம் சோறு போடும் என்று சிறு வகுப்பிலிருந்தே படிக்கிறோம். ஆனால் குளியலறைத் தரை பள்ளமும் மேடுமாக இருந்தால் நீர் தேங்கும்; பாசி படியும்; வீட்டிலுள்ள முதியோர் வழுக்கி விழுவர். கொத்தனார் வரட்டும் என்று காத்திருக்கிறோம். ஏன் காத்திருக்க வேண்டும்?

டைல்ஸ் பதிப்பது மந்திர வித்தை அன்று. தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கித் தரை வாட்டமாக இருக்க வேண்டும். ஆறடிக்கு முக்கால் அங்குலச் சரிவு போதும். சொரசொரப்பான பீங்கான் ஓடுகளை நீரில் ஊறவைத்து, நூல் பிடித்துக் கலவைமேல் பதிக்க வேண்டும். தட்டிப் பார்க்கையில் வெற்றொலி கேட்டால் அடியில் கலவை இல்லை. எடுத்து மீண்டும் வைக்க வேண்டும். ஒரு நாள் மிதிக்காமல் விட்டு, இடுக்குகளை வெள்ளைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். ஆரணியில் பட்டிழை பிசகாமல் நெய்யும் கைகளுக்கு இது முடியாததா?

நம் பெண்கள் காலமெல்லாம் சித்தாளாகக் கலவை சுமக்கிறார்கள். கரண்டி பிடிப்பவர் அரிது. அதனால் கூலியும் குறைவு. ஜார்க்கண்டிலோ, 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் கழிப்பறைகளைக் கட்டி, 'ராணி மிஸ்திரி' என்று பெயர் பெற்றனர்.

பொருள் வீணாகுமே என்று பெற்றோர் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமே. ஆகையால்தான், கைத்தொழில் வகுப்பில் தையலோடு இதையும் தேர்ந்த கொத்தனாரைக் கொண்டு கற்பிக்க வேண்டுகிறோம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தோழியரே, கூடம் கோணலானால் அதை நேராக்கத் தெரிந்தவர்களாக நாம் வளர்வோம்!