ரின் உணவா, உலர் உணவா?

"அக்கா, பூனைக்கு ரின்னில் வாறது நல்லதோ, பைக்கற்றில் வாற பிஸ்கற் நல்லதோ?"

எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டுத் தங்கச்சி போன கிழமை படிக்கட்டில் வைத்துக் கேட்டார். அவர்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு குட்டி வந்திருக்கிறது. போன வருடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "பிஸ்கற்றே போதும், நாங்களும் அதுதான் கொடுக்கிறம்" என்று யோசியாமல் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காரணத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மணி அம்மாவின் பூனை. அப்பா காலமான பின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா வெள்ளவத்தைக்கு எங்களிடம் வந்தபோது, ஒரு கூடைக்குள் அவனும் வந்தான். ஊரிலே அம்மா சூடை மீனை அவித்து, அந்தத் தண்ணீரும் விட்டுப் பிசைந்த சோறு வைப்பார். மாடி வீட்டில் மீன் மணமும் எறும்பும் பெரிய கரைச்சல். நானோ காலையில் வேலைக்கு ஓடுகிறவள். "இதிலை எல்லாச் சத்தும் இருக்கு அம்மா" என்று சொல்லி, ஒரு கிண்ணம் நிறைய உலர் உணவை வைத்துவிட்டுப் போகப் பழகினேன். மணியும் நாள் முழுவதும் கொறித்துக் கொறித்து நன்றாகக் கொழுத்தான்.

அம்மா மட்டும் இடைக்கிடை சொல்வார்: "பிள்ளை, இவன் தண்ணி குடிக்கிறதை நான் பெரிசாக் காணேல்லை." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் மாலை மணி மண் தட்டில் குந்தி முக்கினான். ஒன்றும் வரவில்லை. எழும்புவான், மறுபடி குந்துவான், அடிப்பக்கத்தை நக்குவான், கத்துவான். மலச்சிக்கலாக்கும், விடியட்டும் என்று இருந்துவிட்டேன். அம்மா இரவிரவாக நித்திரையின்றி அவனருகே இருந்தார். விடியும்போது அவன் சத்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தான்.

மிருக வைத்தியர் வயிற்றைத் தொட்ட உடனேயே, "சலப்பை கல்லு மாதிரி இருக்கு. சலம் அடைச்சிட்டுது" என்றார். கடுவன் பூனைகளின் சலக்குழாய் மிகவும் ஒடுக்கமானது. சிறு பளிங்குத் துகள்களும் சளி போன்ற பொருளும் திரண்டு அதை அடைத்துக்கொண்டால், கழிவுப் பொருட்களும் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறி, இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரே போய்விடும். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு, மூன்று நாட்கள் அங்கேயே வைத்திருந்துதான் மணியைத் திருப்பித் தந்தார்கள். அந்த மூன்று நாளும் அம்மா என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வைத்தியர் விளக்கிச் சொன்னது இது. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்கா, மேற்காசியா ஆகிய இடங்களின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தனக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை அது இரையின் உடலிலிருந்தே பெற்றது. ஆகவே நாயைப்போலத் தாகமெடுத்துக் குடிக்கும் பழக்கம் பூனைக்குக் குறைவு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உணவும் தண்ணீருமாகச் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் நீர் தேவை. ரின் உணவில் 75 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். நாளுக்கு 250 கிராம் சாப்பிட்டால் தேவை அதிலேயே தீர்ந்துவிடும். உலர் உணவில் 10 சதவீதமளவுதான் நீர். நாளுக்குரிய 60 கிராமையும் தின்றாலும் கிடைப்பது ஒரு தேக்கரண்டியளவு. மிச்சத்தைப் பூனை குடித்தாக வேண்டும். பெரும்பாலான பூனைகள் அந்தளவுக்குக் குடிப்பதில்லை. சலம் தடித்துப்போகிறது.

இதற்காக உலர் உணவை நஞ்சென்று சொல்லக்கூடாது. அதை மட்டுமே தின்று நீண்டகாலம் சுகமாக வாழும் பூனைகள் எத்தனையோ. கொழுப்பு, வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பது, இடம் மாறிய பதற்றம் என்பனவும் இந்த நோய்க்குக் காரணமாகும். மணிக்கு அத்தனையும் இருந்தன. உலர் உணவு மலிவு, வெளியே வைத்தாலும் உடனே பழுதாகாது. ஆனால் அது பல்லைச் சுத்தமாக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதற்கென்றே செய்யப்பட்ட சில வகைகளைத் தவிர, சாதாரண பிஸ்கற்றால் பெரிய பயனில்லை.

இன்னொன்று. ரின்னோ பைக்கற்றோ, மேலே "முழுமையான, சமச்சீர் உணவு" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பூனைக்கு ரோரின் என்ற சத்து அவசியம். அது குறைந்தால் இதயம் பலவீனப்படும் என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987 இல் கண்டறிந்தார்கள். அதுவரை கடையில் விற்ற சில உணவுகளில்கூட அது போதாமல் இருந்தது. நாய் உணவு பூனைக்குப் போதாது. நாங்கள் சாப்பிடும் ரின் மீனில் உப்பு கூட. வெங்காயம், உள்ளி சேர்ந்த குழம்பு பூனையின் இரத்தத்தையே கெடுக்கும்.

2022 நெருக்கடிக்குப் பின் இறக்குமதிச் சாமான்களின் விலை உங்களுக்குத் தெரியுந்தானே. எல்லா நேரமும் ரின் வாங்க எங்களாலும் முடியாது. வைத்தியர் சொன்ன விசேட உணவைச் சில கிழமை கொடுத்து முடித்தபின், அவரைக் கேட்டே இப்படிச் செய்கிறோம். காலையில் ரின் உணவு. மிச்சத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம். இரவில் அளந்தெடுத்த உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பின் கொடுப்போம். மீன் வாங்கும் நாளில், உப்புப் போடாமல் அவித்த தண்ணீரை அம்மா அதற்குள் விடுவார். ரோரின் தண்ணீரில் கரைவது. மீன் அவித்த தண்ணீரை வீசாத அம்மாவின் பழக்கம் நல்ல பழக்கம்தான் என்று பிறகு விளங்கியது. வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. உணவு மாற்றுவதென்றால் ஒரு கிழமையாவது எடுத்து மெல்ல மெல்ல மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்க வேண்டாம். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாதிருந்தால் ஈரல் பழுதாகும்.

கீழ்வீட்டுத் தங்கச்சிக்கு நான் சொன்னது: "வாங்கக் கூடியதை வாங்குங்கோ. ஆனால் அதிலை தண்ணி எவ்வளவு போகுது எண்டு பாருங்கோ. கடுவன் எண்டால், மண் தட்டையும் ஒவ்வொரு நாளும் பாருங்கோ. முக்கியும் சலம் போகேல்லை எண்டால், இரவெண்டாலும் விடியும்வரை காத்திருக்காதேங்கோ."

நான் காத்திருந்தேன். மணி பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.