டீசல் என்றாலே வில்லனா?



ரயில் இன்ஜின்கள் பேசும், சிரிக்கும், கோபப்படும் ‘தாமஸ் அண்ட் ஃபிரண்ட்ஸ்’ படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டவர்கள், ‘அதெல்லாம் குட்டிப் பசங்க படம், டீச்சர்’ என்பீர்கள். சொல்லிவிட்டு, தம்பியும் தங்கையும் பார்க்கும்போது கதவோரம் நின்று நீங்களும் பார்ப்பீர்கள். எனக்குத் தெரியாதா?

கோடை விடுமுறையில், மந்தைவெளியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ‘தி கிரேட் ரேஸ்’ படம் பார்த்தனர். 2016ல் வந்த படம் அது. பல நாட்டு ரயில் இன்ஜின்கள் கூடும் ஒரு பெரிய போட்டியைப் பற்றிய கதை. நான் படத்தைப் பார்த்ததை விட, படம் பார்த்தவர்களைப் பார்த்ததுதான் அதிகம்.

வேகமாக ஓடும் கோர்டன் வந்தால் விசில். டீசல் இன்ஜின் தலை காட்டினால், ‘வில்லன் வந்துட்டான்!’ என்று கூச்சல். இந்தியாவிலிருந்து வரும் ஆஷிமா, உடம்பெல்லாம் வண்ண வண்ணமாகச் சித்திரம் தீட்டிக்கொண்டு வந்ததும், ‘ஐயே, கல்யாண வேன் மாதிரி இருக்கு!’ என்று ஒரே சிரிப்பு.

முகத்தைப் பார்த்த அரை நிமிடத்தில், இது நல்லது, இது கெட்டது, இது கோமாளி என்று தீர்ப்பு எழுதி முடித்து விட்டார்கள்!

அவர்கள் பார்த்துச் சிரித்த ஆஷிமா யார் தெரியுமா? நம் ஊட்டி ரயில்தான்! நீலகிரி மலை ரயிலின் ‘எக்ஸ்’ வகை நீராவி இன்ஜினைப் பார்த்துத்தான் அவளை உருவாக்கினார்கள். அதைச் சொன்னதும் கூடத்தில் சிரிப்பு நின்று விட்டது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. வழியில் 208 வளைவுகள், 16 சுரங்கப் பாதைகள், 250 பாலங்கள். மலை ஏறிப் போய்ச் சேர கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். சமதரையில் சைக்கிள் மிதிப்பவர் கூட இதை விட வேகமாகப் போய் விடுவார். நம் நாட்டிலேயே மிக மெதுவான ரயில் இதுதான்.

ஏன் இவ்வளவு மெது? கல்லாறு முதல் குன்னூர் வரை பாதை அவ்வளவு செங்குத்து. சில இடங்களில் 12 அடி முன்னே போனால், ஓர் அடி மேலே ஏறியிருக்கும். வெறும் சக்கரம் என்றால் வழுக்கி விடும். அதனால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். இன்ஜினின் அடியில் உள்ள பல் சக்கரம், அந்தப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டு ஏறும்.

இன்னொரு விஷயம். மேலே ஏறும்போது இந்த இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். நடுவில் இணைப்பு அறுந்து போனாலும், பெட்டிகள் பின்னோக்கி உருண்டு ஓடாமல் தாங்கிக் கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. இந்த மெதுவான ரயிலைத்தான் 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரி, வில்லன் டீசலுக்கு வருவோம். குன்னூர் வந்ததும் நீராவி இன்ஜின் விலகிக் கொள்ளும். அங்கிருந்து ஊட்டி வரை பெட்டிகளைக் கொண்டு போவது டீசல் இன்ஜின். டீசல் என்றாலே வில்லன் என்பவர்கள், குன்னூரில் இறங்கி ஊட்டிக்கு நடந்து போக வேண்டியதுதான்!

இந்தக் கதைகள் எப்படிப் பிறந்தன என்று சொல்லட்டுமா? இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். இங்கிலாந்தில் வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியாரின் மகன் கிறிஸ்டோபருக்குத் தட்டம்மை. படுக்கையில் கிடந்த சிறுவனுக்குப் பொழுது போக, வரிசையாக நிற்கும் இன்ஜின்களை முகத்தோடு வரைந்து காட்டினார் அப்பா. அதில் ஒன்றின் முகம் மட்டும் வாடியிருந்தது. அது ஏன் சோகமாக இருக்கிறது என்று கேட்டான் சிறுவன். அதை ரொம்ப நாளாக யாரும் வெளியே ஓட்டிப் போகவில்லை என்றார் அப்பா. அந்தக் கேள்வியிலிருந்துதான் எட்வர்ட் என்ற இன்ஜினின் கதை பிறந்தது. 1945ல் அது புத்தகமாயிற்று. அடுத்த ஆண்டு தாமஸ் வந்தான்.

பார்த்தீர்களா? அந்தக் கதைகளின் முதல் ரசிகன், யார் ஜெயிப்பார் என்று கேட்கவில்லை. ‘ஏன்’ என்று கேட்டான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? வகுப்பறையிலும் இதே தீர்ப்பு நடப்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு, முதல் பீரியட் முடிவதற்குள் பட்டப் பெயர் கிடைத்து விடும். ‘ஆமை’, ‘அழுமூஞ்சி’, ‘ஊமை’... அந்தப் பெயர் பள்ளியை விட்டுப் போகும் வரை ஒட்டிக் கொண்டிருக்கும்.

ஒரு பெண் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று எல்லாரும் முடிவு கட்டி விட்டனர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒருத்திதான், ‘ஏன்டி பேச மாட்டேங்கிற?’ என்று அன்பாகக் கேட்டாள். தன் ஊர்ப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயமாம்! அன்று மதியம் இருவரும் ஒரே டிபன் பாக்சில் சாப்பிட்டனர்.

2022ல் தாமஸ் தொடரில் புரூனோ என்ற ரயில் பெட்டி சேர்ந்தான். அவன் ஆட்டிசம் உள்ளவன். கால அட்டவணை, ஒழுங்கு என்றால் அவனுக்கு உயிர். பெரிய சத்தம் என்றால் தொல்லை. ஆங்கிலத்தில் அவனுக்குக் குரல் கொடுத்ததும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளே. மணி அடித்தால் காதைப் பொத்திக் கொள்ளும் பிள்ளை உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். சிரிப்பதற்கு முன், அந்தச் சத்தம் அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள்.

‘அப்படியானால், யாரையுமே பிடிக்கலைன்னு சொல்லக் கூடாதா, டீச்சர்?’ என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லலாம். கோர்டன் பெருமையடித்தால், அது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால், செய்த செயலைப் பார்த்துச் சொல்லுங்கள். நிறத்தையும் வேகத்தையும் பார்த்துச் சொல்லாதீர்கள். நாளைக்கு அவன் நல்லது செய்தால், தீர்ப்பை மாற்றவும் தயாராக இருங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். நீங்கள் பார்த்த படத்தில் உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அது ஏன் அப்படி நடந்து கொண்டது என்று ஐந்து வரி எழுதிப் பாருங்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும், இதுவரை பேசாத ஒருவரிடம் போய்ப் பேசுங்கள்.

விடுமுறையில் ஊட்டிக்குப் போகிறவர்கள், சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். மலை ரயிலில் ஓடிப் போய் ஜன்னல் ஓரம் இடம் பிடிப்பதற்கு முன், கடைசிப் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். உங்களையெல்லாம் மலை மேல் தள்ளப் போகும் இன்ஜின் அங்கே நிற்கும். அதற்கு ஒரு வணக்கம் சொல்லி விட்டு ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்