கை நடுக்கமும் களைக்கொல்லியும்

கை நடுங்கினால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நடுக்கமெல்லாம் பார்க்கின்சன் இல்லைதான். ஆனால் பார்க்கின்சன் வெறும் வயதால் மட்டும் வருவதும் இல்லை.

1982-ல் கலிஃபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல உறைந்துபோனார்கள். டாக்டர் லாங்ஸ்டன் துருவிப் பார்த்ததில், அந்த மருந்தில் எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் கலந்திருந்தது தெரிந்தது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களை அது அழித்திருந்தது. உடம்புக்குள் போய் அது எடுக்கும் வடிவமோ, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பை ஒத்தது!

அந்தப் பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இடமில்லை. இலங்கையும் கேரளாவும்கூடத் தடை செய்துவிட்டன. நம் பக்கத்திலோ வெற்றுடம்போடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறார்கள். இதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பூச்சிமருந்து, களைக்கொல்லியோடு புழங்குபவர்களிடம் இந்நோய் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அதுவே போதும்.

நடுக்கம் தெரியும்போது அந்தச் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும். மிச்சத்தைக் காக்க மாத்திரை இன்னும் வரவில்லை. (நரம்புக்குச் சத்து என்று விற்கும் டானிக்கையெல்லாம் நம்பாதீர்கள்.) வேகநடை, உடற்பயிற்சி உதவும்.

களைக்கொல்லி டின்னோடு கையுறையும் முகக்கவசமும் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று அரசு உத்தரவு போடலாமே. ஐம்பது ரூபாய் கூடினால் கூடட்டும்.