டிவிஆர் பெட்டிக்கு மணி பார்க்கத் தெரியுமா?

விருதுநகர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா, கடையில் நாலு கேமரா மாட்டினார். மாட்ட வந்தவர் டிவியில் நாலு கட்டம் தெரிகிறது பாருங்க என்று காட்டினார், காசை வாங்கினார், போயே போய்விட்டார். மாமாவும் படம் ஓடுது, வேலை முடிஞ்சுது என்று இருந்துவிட்டார். நம்மூரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். படம் தெரிவது பாதி வேலைகூட இல்லை என்பது என் கட்சி.

நடந்ததைக் கேளுங்கள். போன வருஷம் ஒரு சனிக்கிழமை வசூலை மறுநாள் காலையில் எண்ணினால் 6,000 ரூபாய் சொச்சம் குறைகிறது. (அன்றன்றைக்கே எண்ணி எழுதுங்க மாமா என்று பி.காம். சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்?) டிவிஆரைப் பின்னால் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கடையில் வேலை பார்த்த தம்பி தனியாகக் கல்லாவைத் திறக்கிறான். மூலையில் மணி 11:40. கடை அடைப்பதோ ஒன்பதரைக்கு! கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்தக் காட்சியை அப்படியே டிவியிலிருந்து செல்போனில் பிடித்துக்கொண்டு, அவனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். "நீங்கதான அண்ணாச்சி சில்லறை எடுக்கச் சொன்னீங்க" என்று அழுதிருக்கிறான். யாரும் நம்பவில்லை. அன்றோடு வேலை போச்சு.

வியாழக்கிழமை நான் ஊருக்குப் போனதும் மாமா பெருமையாக அந்தச் செல்போன் படத்தைக் காட்டினார். பின்னால் ஷட்டர் திறந்திருக்கிறது. எதிர் இட்லிக் கடையில் ஆவி பறக்கிறது, நாலைந்து பேர் தட்டோடு நிற்கிறார்கள். "மாமா, பதினொன்றே முக்காலுக்கு யாரு இட்லி சாப்பிடுறா?" என்றேன். மாமா கண்ணுக்கு அதுவரை அந்தப் பையனும் மணியும் மட்டும்தான் பட்டிருக்கிறது.

டிவிஆர் மணியையும் என் போன் மணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சரியாக இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மெனுவுக்குள் போனால் டைம் ஜோன் GMT+8. அது சீனாவின் நேரம், நமக்கு +5:30. பெட்டி பிறந்த ஊர் மணியிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் மாற்றவில்லை. அவன் கல்லாவைத் திறந்தது 9:10க்கு. மாமா சொல்லித்தான்.

சரி, அப்போ காசு எங்கே? சனிக்கிழமை முழுவதையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று தேடினால், அந்த நாளே இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. கேமராவிலிருந்து கேபிளில் வரும் படத்தைச் சுருக்கி ஹார்ட் டிஸ்கில் எழுதுவதுதான் டிவிஆரின் வேலை. டிஸ்க் நிரம்பினால் பழையதின் மேலேயே எழுதும். மாமா கடையில் ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் வைத்திருந்தார்கள். அதாவது அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 172 ஜிபிக்கு மேல். உள்ளே இருந்ததோ 500 ஜிபி டிஸ்க். மூன்று நாள்கூட வராது! மாமா ஒரு மாசம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 2 மெகாபிட்டாகக் குறைத்து 1 டெராபைட் டிஸ்க் போட்டிருந்தால் பதினோரு நாளாவது நின்றிருக்கும். ஆள் அசைந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்தால் ராத்திரி நேரமெல்லாம் மிச்சம்.

இதெல்லாம் மளிகைக் கடை சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் செத்துப்போனார்கள். உயர் நீதிமன்ற உத்தரவில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும் தினமும் பதிவு தானாக அழியும்படி செட்டிங் இருந்தது என்று அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்றது. மாமா கடையில் தெரியாமல் நடந்தது, அங்கே என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

அதனால் கேமரா மாட்டுகிறவரிடம் முழுக் காசையும் கொடுத்துவிடாதீர்கள். மணி சரியா என்று போனோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள். ஒரு மாசம் சார் என்றால், மேலே சொன்ன கணக்கை அவர் முன்னாலேயே போடுங்கள். நேற்றைய பத்து நிமிடத்தை நீங்களே பென் டிரைவில் எடுத்துப் பாருங்கள். மாமா மாதிரி டிவியைச் செல்போனில் பிடித்து வைத்துப் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டு விஷயத்தில் அதுதான் அவனைக் காப்பாற்றியது என்பது தனிக்கதை. அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். அரை மணி நேர வேலை இது, அலுத்துக்கொள்ளும் ஆளாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

காசு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மாமா அந்தத் தம்பி வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அவன் அம்மா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்களாம். அவன் வெளியே வரவேயில்லை.