தீட்சிதர் பாட்டு: எந்தப் பதிவைக் கேட்பது?

ஐப்பசி மாதம் நெல்லைக்கு விசேஷமான மாதம். நெல்லையப்பர் கோவிலில் காந்திமதி அம்மனுக்குத் திருக்கல்யாணம் நடக்கும். தீபாவளியும் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் வரும்.

1835-ம் ஆண்டு தீபாவளியன்று எட்டயபுரத்தில் ஒரு மகான் கண்ணை மூடினார். அவர்தான் முத்துசுவாமி தீட்சிதர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர்.

தீட்சிதர் பிறந்தது திருவாரூரில். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்வான். தம்பி இருந்த ஊருக்கு வந்த அண்ணன், அந்த மண்ணிலேயே மறைந்தார். எட்டயபுரம் என்றால் பாரதியார் பிறந்த ஊர் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். தீட்சிதரின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. 1986 வரை அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

நம் காந்திமதி அம்மன் மீதும் தீட்சிதர் பாடியிருக்கிறார். 'ஸ்ரீ காந்திமதீம்' என்பது அந்தக் கீர்த்தனை. கழுகுமலை முருகன் மீது 'சுப்ரமண்யேன' என்ற கீர்த்தனை உண்டு. கரிசல் பூமி வறண்டு கிடந்ததைப் பார்த்து அவர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்றும் சொல்வார்கள்.

இந்தப் பாட்டுகளை வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வளரவேண்டும் என்று பல பெற்றோருக்கு ஆசை. ஆனால் செல்போனைத் திறந்தால் ஒரே பாட்டைப் பலர் பாடியிருக்கிறார்கள். ஒன்று வேகமாக ஓடுகிறது. ஒன்று நிதானமாக நடக்கிறது. எதைக் கேட்பது? எதைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவது?

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் கேட்ட பாட்டுதான் காதில் தங்கும். பிறகு வேறு யார் பாடினாலும், "இது தப்பு" என்றே மனம் சொல்லும். ஆகவே முதல் பதிவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முழுத் தொகுப்பு என்ற ஆசை

சிலர் "முழுத் தொகுப்பு" என்று அட்டையில் போட்டிருந்தால் போதும், உடனே வாங்கிவிடுவார்கள். முழுமை என்றால் என்ன?

மேல்நாட்டில் பீத்தோவன் என்று ஒரு இசை மேதை இருந்தார். தீட்சிதர் காலத்தவர்தான். அவர் பியானோ வாத்தியத்துக்காக எழுதிய சொனாட்டாக்கள் 32. அந்த 32-ஐயும் முதன்முதலாக ஒருவரே வாசித்து இசைத்தட்டில் பதிந்தவர் ஆர்தர் ஷ்னாபெல். 1932 முதல் 1935 வரை லண்டனில் அந்த வேலை நடந்தது. அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் அதே 32-ஐயும் வாசித்துவிட்டார்கள். எது உயர்ந்தது என்று அங்கேயும் இன்றுவரை வாதம்தான்.

ஆனால் அவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பீத்தோவன் தம் கையால் ஸ்வரத்தை எழுதி வைத்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது அச்சாகிவிட்டது. கணக்கு 32. அதில் குழப்பம் இல்லை.

தீட்சிதர் பாட்டு அப்படி வந்ததல்ல. குரு பாடினார், சிஷ்யர் கேட்டுப் பாடம் செய்தார். வாய்வழியாகவே வந்தது. அவர் மறைந்து 69 ஆண்டுகள் கழித்து, 1904-ல்தான் அந்தப் பாட்டுகள் பெரிய அளவில் ஒரு நூலில் சேர்ந்தன. 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று அதற்குப் பெயர். எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. எழுதியவர் தீட்சிதர் குடும்பத்தைச் சேர்ந்த சுப்பராம தீட்சிதர். எழுதும்படி தூண்டியவர் சின்னசாமி முதலியார். பொருள் கொடுத்து ஆதரித்தது எட்டயபுரம் அரண்மனை.

அந்த நூலில் உள்ள தீட்சிதர் கீர்த்தனைகள் 229. ஆனால் அவர் பெயரால் இன்று பாடப்படுபவை நானூறுக்கும் மேல். மீதிப் பாட்டுகள் சிஷ்யர்கள் வழியாகவும், பின்னால் வந்த புத்தகங்கள் வழியாகவும் கிடைத்தவை.

ஏழா? ஒன்பதா?

நவக்கிரகக் கீர்த்தனைகளையே எடுத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் தொகுப்புகளில் ஒன்பது பாட்டு இருக்கும். 1904-ம் ஆண்டு நூலிலோ ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிரகங்களுக்கே பாட்டு உண்டு. ராகு, கேது மீதான இரண்டும் பின்னால் வந்த புத்தகங்களில்தான் காணப்படுகின்றன. இந்த இரண்டும் தீட்சிதருடையவைதானா என்று வித்வான்களுக்குள் பேச்சு உண்டு.

அப்படியானால் ஒன்பது உள்ள தொகுப்பை ஒதுக்கிவிடுவதா? வேண்டாம். பூஜை அறையில் கேட்பதற்கு ஒன்பதும் இருக்கட்டும். பிள்ளை பாடம் செய்வதற்கு முதலில் ஏழு போதும். அந்த ஏழும் ஏழு தாளங்களில் அமைந்தவை. ஞாயிறுக்கு துருவம், திங்களுக்கு மட்டியம் என்று வரிசையாக வரும். ஏழையும் கற்ற பிள்ளைக்கு ஏழு தாளமும் கைக்கு வந்துவிடும்.

எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த விஷயம் தெரியாமலே போய்விடும்.

மூன்று சோதனைகள்

நல்ல பதிவைக் கண்டுபிடிக்க பெரிய சங்கீத ஞானம் வேண்டியதில்லை. மூன்று சோதனைகள் போதும்.

முதல் சோதனை: பாட்டு முழுதாக இருக்கிறதா? தீட்சிதர் தம் கீர்த்தனைகளில் 'குருகுஹ' என்ற முத்திரையை வைத்திருக்கிறார். பெரும்பாலும் அது சரணத்தில் வரும். அந்தச் சொல் காதில் விழவே இல்லை என்றால், பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அந்த அளவுக்குள் அடக்கப் பாட்டைக் குறைத்தார்கள், வேகமாகவும் பாடினார்கள். அது அந்தக் காலத்தின் கட்டாயம். இன்று அந்தக் கட்டாயம் இல்லை.

இரண்டாவது சோதனை: நிதானம். தீட்சிதர் வீணை வாசித்தவர். அவருடைய பாட்டு யானை நடப்பதைப் போல அசைந்து வரும். கடைசியில் சில அடிகள் மட்டும் துரிதமாக ஓடும். அதை மத்தியம கால சாகித்தியம் என்பார்கள். முன்னால் மெதுவாக வந்தால்தான் பின்னால் வரும் ஓட்டம் அழகாக இருக்கும். தொடக்கத்திலேயே ஓடினால் அந்த அழகு போய்விடும். சொல்லும் சிதைந்துவிடும். பாட்டு வடமொழியில் இருப்பதால், சொல் தெளிவாக விழாவிட்டால் பிள்ளை தப்பாகவே பாடம் செய்யும்.

மூன்றாவது சோதனை: பாடுகிறவர் யாரிடம் பாடம் செய்தவர்? இதைத்தான் பாடாந்தரம் என்பார்கள். டி.கே.பட்டம்மாள் சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் கற்றவர். வீணை வித்வாம்சினி கல்பகம் சுவாமிநாதன் அனந்தகிருஷ்ணய்யரிடம் கற்றவர். அனந்தகிருஷ்ணய்யருக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? அப்பளத்துக்குப் பெயர்போன நம் கல்லிடைக்குறிச்சிதான்! தாமிரபரணிக் கரையிலிருந்து கல்கத்தா வரை போய், அங்கே தீட்சிதர் பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதே கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த சுந்தரமய்யர் தீட்சிதர் கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்புடன் பல பகுதிகளாக வெளியிட்டார்.

ஆக, நூல் வந்ததும் இந்தச் சீமையிலிருந்துதான். பாடாந்தரம் போனதும் இந்தச் சீமையிலிருந்துதான்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்

இன்னொரு குழப்பமும் உண்டு. காந்திமதி அம்மன் பாட்டின் ராகத்தை ஒரு பதிவில் ஹேமவதி என்று போட்டிருக்கும். இன்னொன்றில் தேசி சிம்மாரவம் என்று இருக்கும். ஏதோ அச்சுப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. தேசி சிம்மாரவம் என்பது தீட்சிதர் வழியில் வழங்கும் பெயர். ஹேமவதி என்பது எல்லோரும் அறிந்த பெயர். இதைப் போலவே ஷண்முகப்பிரியாவுக்குச் சாமரம் என்று பெயர். பூர்விகல்யாணிக்கு கமகக்கிரியை என்று பெயர். பழைய பெயரைப் போட்டிருந்தால், அந்தப் பதிவை வெளியிட்டவர்கள் பாட்டின் வழியை மறக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

"பெரிய வித்வான் பாடியிருக்கிறாரே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய வித்வான் கச்சேரியில் பாடுவது கேட்டு மகிழ்வதற்கு. அங்கே அவருடைய கற்பனை முன்னால் நிற்கும். பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாட்டு. கற்பனையைப் பிறகு ரசிக்கலாம்.

ஆகவே ஒரு பாட்டுக்கு இரண்டே பதிவுகள் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் பாடாந்தரம் உள்ளவர் நிதானமாகப் பாடியதை ஒரு மாதம் கேட்கட்டும். அது மனத்தில் நின்ற பிறகு இன்னொன்றைக் கேட்கட்டும். எங்கே வேறுபடுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். சந்தேகம் வந்தால் நூலைப் பார்க்கலாம். 1904-ல் தெலுங்கு எழுத்தில் வந்த அந்த நூலைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாகத் தமிழில் வெளியிட்டிருக்கிறது. நாள்தோறும் பத்துப் பேர் பாடியதைக் கலந்து கேட்டால் ஒன்றும் நிற்காது.

பாட்டி பாடுவது தப்பா?

சில வீடுகளில் ஒரு சங்கடம் வரும். பாட்டி சின்ன வயதில் கற்ற பாட்டைப் பாடுவார். பேத்தி செல்போனைக் காட்டி, "பாட்டி, நீங்க பாடுறது தப்பு. இதுல வேற மாதிரி இருக்கு" என்பாள். பாட்டி வாயை மூடிக்கொள்வார். அதோடு அந்த வீட்டில் அந்தப் பாட்டு நின்றுவிடும்.

இது பெரிய நஷ்டம். பாட்டி சொல்வது ஒரு பாடாந்தரமாக இருக்கலாம். கல்லிடைக்குறிச்சியிலோ அம்பாசமுத்திரத்திலோ யாரிடமோ உட்கார்ந்து கற்றதாக இருக்கலாம். ஒரு ஸ்வரம் மாறியிருந்தால் அது மறதியாகவும் இருக்கலாம், பழைய வழியாகவும் இருக்கலாம். தெரிந்தவர் கேட்டுச் சொல்லும்வரை தப்பு என்று தீர்ப்பு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எல்லோரும் ஒரே பிரபலப் பதிவைக் கேட்டு அதையே பாடினால் மற்ற வழிகள் எல்லாம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். புத்தகத்திலும் ஏறாத, தட்டிலும் ஏறாத பாடங்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும். அவை போனால் திரும்ப வராது.

பாட்டுக் கேட்கிற அதே செல்போனில் பாட்டைப் பதியவும் முடியும். இந்த ஐப்பசியில் பேத்தி அதைப் பாட்டியின் முன்னால் வைக்கட்டும். "பாட்டி, காந்திமதி பாட்டை ஒரு தடவை முழுசாப் பாடுங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னும் சொல்லுங்க" என்று கேட்கட்டும். வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பதிவுகளில் ஒன்று அதுவாக இருக்கட்டும்.